சைக்கிள் வாங்கணும், ரோட் பைக்கா ஹைப்ரிடா? ஒரே குழப்பமா இருக்கு, சொல்லுங்க மக்களே

வேளச்சேரிவாசி:
வணக்கம். வயசு 34, வெயிட் 82. சின்ன வயசுல அப்பா சைக்கிள்ல குரங்குப்பெடல் அடிச்சதோட சரி, அதுக்கப்புறம் இப்பதான். ஆபீஸ் சோழிங்கநல்லூர்ல, பள்ளிக்கரணை மேடவாக்கம் வழியா போனா ஒரு பக்கம் 12 கிமீ வரும், வாரத்துல மூணு நாள் சைக்கிள்லயே போலாம்னு ஐடியா, அப்புறம் ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் ஒரு ஆசை. பட்ஜெட் 35 ஆயிரம். கடையில ரோட் பைக்ல (மெல்லிசு டயர் போட்ட ரேஸ் டைப் சைக்கிள்) உக்காந்து பாத்தேன், பிள்ளையாருக்கு தோப்புக்கரணம் போடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டு இருக்கணும் போல, ஆனா ஒரு கையில தூக்குனா அப்படியே வருது, மனசு அங்கயே நின்னுடுச்சு. அதுவா, இல்ல கொஞ்சம் தடி டயரோட நிமிந்து உக்காந்து ஓட்டுற ஹைப்ரிடா, எதை எடுக்க?

பெடல்பாண்டி:
மழைக்காலத்துல மேடவாக்கம் ரோட்டை ஒரு தடவை நினைச்சு பாருங்க ப்ரோ, பதில் அதுலயே இருக்கு. தண்ணிக்கடியில பள்ளம் எங்க இருக்குன்னே தெரியாது. ரோட் பைக்ல 25, 28 எம்எம் டயர்தான், அதுல காத்து கொஞ்சம் கம்மியா வச்சுட்டு உங்க வெயிட்டோட பள்ளத்துல இறக்குனா டியூப் ரிம்ல நசுங்கி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை. எனக்கு ஒரே மாசத்துல மூணு தடவை. அதுல பெரிய கொடுமை, அது பிரெஸ்டா வால்வு, பஞ்சர் கடை பம்ப் அதுல நிக்காது. அண்ணன் அதை திருப்பி திருப்பி பாத்துட்டு "இது என்ன தம்பி ஊசி மாதிரி இருக்கு"ன்னு கேட்டாரு. பாக்கெட்ல சின்னதா ஒரு பித்தளை அடாப்டர் இருந்திருந்தா பத்து ரூபாயில வேலை முடிஞ்சிருக்கும், நான் நாலு கிமீ தள்ளிக்கிட்டே வந்தேன். ஹைப்ரிட் எடுங்க.

ஈசிஆர்_காத்து:
நான் ஒத்துக்க மாட்டேன். எல்லாரும் சொன்னாங்கன்னு ஹைப்ரிட் வாங்கி எட்டே மாசத்துல பாதி விலைக்கு வித்தவன் நான். டிசம்பர்ல மாமல்லபுரத்துலருந்து திரும்பி வாங்க, கோவளம் தாண்டுனதும் வாடைக்காத்து மூஞ்சியிலயே அடிக்கும், ஹைப்ரிட்ல வர்ற நேர் ஹேண்டில், அதான் ஃப்ளாட் பார்ல நிமிந்து உக்காந்திருந்தா பாய்மரம் மாதிரி நெஞ்சை காட்டிக்கிட்டுதான் மிதிக்கணும், முட்டுக்காடு பாலம் வர்றதுக்குள்ள உயிரு போயிடும். ரோட் பைக்கோட கீழ வளைஞ்ச ஹேண்டில், அதான் டிராப் பார்னா குனிஞ்சுக்கலாம், கையை மாத்தி மாத்தி வேற வைக்கலாம். ஃப்ளாட் பார்ல ஒரே பிடி, 40 கிமீ தாண்டுனா சுண்டுவிரல் மரத்துப்போகும். குனியறது முதல் மாசம்தான் கஷ்டம், அப்புறம் பழகிடும்.

செயின்_ஆயில்:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா அவர் ஈசிஆர் போகப்போறது வாரம் ஒரு நாள், அதுவும் எந்திரிச்சாதான் 🙂 மேடவாக்கம் சிக்னல் மூணு நாள். டிராஃபிக்ல ஷேர் ஆட்டோ சடார்னு ஒதுங்குறப்ப பிரேக் விரலுக்கடியிலயே இருக்கணும், டிராப் பார்ல புதுசா ஓட்டுறவங்க மேல் கம்பியை பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க, அங்க பிரேக் எட்டாது. அதனால ஹைப்ரிட், ஆனா முன்னாடி சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் வீலை பிடிக்கிற கவையில ஷாக் அப்சார்பர்) வச்சது வேணாம், அது சும்மா கூடுதல் பாரம், நம்ம ரோட்டுக்கு டயரே போதும். சாதா ஃபோர்க், 700சி சைஸ் வீல் பாத்து எடுங்க. பெரும்பாலான ரோட் பைக்குக்கும் அதே வீல் சைஸ்தான், அதனால 38 எம்எம் டயரை கழட்டிட்டு 32 எம்எம் போட்டா வண்டியே வேற மாதிரி ஓடும், ரிம்முக்கு ஒத்துவருமான்னு மட்டும் கேட்டுக்கங்க. மட்கார்டு, கேரியர் மாட்ட ஓட்டை இருக்கான்னும் பாருங்க, லேப்டாப் பையை முதுகுல மாட்டிக்கிட்டு ஏப்ரல்ல போனா சட்டையை பிழியலாம்.

முக்கியமா ஃப்ரேம் சைஸ். ஸ்டாக் இருக்குங்கறதுக்காக கடையில ஒரு சைஸ் பெருசை தலையில கட்டுவாங்க. குறுக்கு பாருக்கு ரெண்டு பக்கமும் கால் ஊனி நில்லுங்க, இடிச்சா அது உங்க சைஸ் இல்ல.

வேளச்சேரிவாசி:
நன்றி மக்களே. செயின்_ஆயில் அண்ணா, இன்னைக்கு போய் நின்னு பாத்தேன், இடிச்சுது 😀 அந்த ரோட் பைக்தான். சின்ன சைஸ் வர மூணு வாரம் ஆகுமாம். பக்கத்துலயே ஃபோர்க் சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் ஒண்ணு சாம்பல் கலர்ல நிக்குது, நாளைக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்க தர்றேன்னு சொல்லியிருக்காரு. அந்த பித்தளை அடாப்டர் எதுக்கும் ஒண்ணு வாங்கி வச்சுக்கவா?

பெடல்பாண்டி:
ஹைப்ரிட்ல நிறைய மாடல்ல நம்ம டூவீலர் மாதிரி தடி வால்வுதான், தேவைப்படாது. வாங்குறதுக்கு முன்னாடி மூடியை கழட்டி பாத்துக்கங்க.