டிசம்பர் 24 ராத்திரிதான் வியன்னாவில் இறங்குவோம்: போறதா, ரத்து பண்றதா?

தேன்கூடு, மார்த்தாண்டம்:
திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியா வியன்னா. நானும் அம்மாவும், ஒரே பிஎன்ஆர். 20ஆம் தேதி விமானத்தை ரத்து பண்ணி 24-க்கு மாத்தியிருக்காங்க, ராத்திரி 9:40-க்கு இறங்கும். திரும்புறது 29, அதுல மாற்றமில்லை. விசா டிசம்பர் 20 முதல் ஜனவரி 13 வரை, 10 நாள். ஓட்டலுக்கு 20-லிருந்து பணம் கட்டியாச்சு. கிறிஸ்துமஸ் சந்தையெல்லாம் முடிஞ்சு ஊரே அடைச்சிருக்கும்னு சொல்லுதாங்க. ரீஃபண்ட் வாங்கிடலாமா? இல்ல, வேற ஏர்லைன்ல வளைகுடா வரை போய் அங்கிருந்து நம்ம டிக்கெட்ல ஏறிக்கலாமா?

வேளிமலை:
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: அதைச் செய்யவே கூடாது. முதல் செக்டர்ல, அதாவது வளைகுடா வரைக்குமான விமானத்துல, ஏறலைன்னா சிஸ்டம் நோ-ஷோ (ஆள் வரலை) போட்டு மிச்சம் எல்லாத்தையும், 29 ரிட்டர்ன் உட்பட, ரத்து பண்ணிடும்.

மெயில்ல இருக்கிற 'ஏற்றுக்கொள்' பட்டனை இன்னும் அமுக்கலையே? அமுக்காதீங்க. மாத்தினது அவங்க. அதனால வேற தேதி கட்டணமில்லாம கேக்கலாம், ரீஃபண்டும் கேக்கலாம். ஆனா "சீக்கிரமா ஏதாவது பாருங்க"ன்னு போன்ல சொன்னா கையில கிடைச்சதைத் தருவாங்க. அவங்க சைட்லயே 21, 22 தேதிகள்ல சீட் இருக்கான்னு பாத்து, விமான எண்ணைச் சொல்லிக் கேளுங்க. திருவனந்தபுரத்துல இல்லைன்னா கொச்சியிலிருந்து கேளுங்க, அங்க விமானம் அதிகம். ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் கொச்சி ஏர்போர்ட் பக்கத்துல ஆலுவாவுல நிக்கும், சாயங்காலம் இறங்கினா விடியக்கால விமானத்துக்குத் தாராளம். டிசம்பர்ல சபரிமலை வண்டியும் சேர்ந்த நெரிசல்ல டாக்ஸியை நம்புறதை விட அது தேவலை.

மாத்தினதும் டிக்கெட் 'ரீ-இஷ்யூ' ஆச்சான்னு பாருங்க. 13 இலக்க டிக்கெட் எண் புதுத் தேதியோட மெயில்ல வரணும். புக்கிங் கன்ஃபர்ம்னு காட்டும், ஆனா டிக்கெட் பழைய தேதியிலேயே கிடக்கும். கவுண்டர்ல நிக்கும்போதுதான் அது தெரியவரும். ஏஜென்ட் கிட்ட எடுத்திருந்தா பெரும்பாலும் அவர்தான் இதைச் செய்யணும்.

லண்டன் வழியா தர்றோம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. கையில ஐரோப்பாவுக்கான ஷெங்கன் சுற்றுலா விசா இருந்தாலும், வெளியே வராம விமானம் மாற மட்டும் நமக்குத் தனி டிரான்சிட் விசா வேணும்.

குளச்சல் காத்து:
ஓட்டலுக்கு இன்னைக்கே மெயில் போடுங்க: "24 ராத்திரி வருவோம், புக்கிங்கை ரத்து செய்யாதீங்க." முதல் நாள் ஆள் வரலைன்னா முழு புக்கிங்கையும் தூக்கிடுவாங்க, பணமும் திரும்ப வராது. சின்ன விடுதின்னா 24 ராத்திரி ரிசப்ஷன்ல ஆளே இருக்காது. சாவிப்பெட்டி கோடு முன்னாடியே வாங்கிக்கோங்க.

விசாவுல பிரச்சினை இல்லை, உள்ளே நுழையுற நாள்லேருந்துதான் 10 நாள் கணக்கு. திரும்பும்போது பனியில விமானம் ரத்தாகி நாள் தாண்டும்னா, முடியறதுக்கு முன்னாடியே அங்குள்ள அதிகாரிகள்கிட்ட நீட்டிப்பு கேளுங்க. நம்ம கை மீறிய காரணத்துக்குக் கட்டணம் கிடையாது. இன்ஷூரன்ஸ் தேதியையும் கூட நீட்டணும்.

இழப்பீடு: ஐரோப்பாவுக்குப் போறப்போ ஐரோப்பிய ஏர்லைனா இருந்தாத்தான் அவங்க சட்டம் செல்லும். உங்களோடது வளைகுடா கம்பெனி, அதனால இந்த ரத்துக்கு இல்லை. ரிட்டர்ன் வியன்னாவிலிருந்து கிளம்புறதால எந்த ஏர்லைனுக்கும் செல்லும். ஒரே புக்கிங்னா திருவனந்தபுரத்துல எப்ப இறங்குறீங்கங்கிறதுதான் கணக்கு. 4 மணி நேரம் தாண்டினா ஆளுக்கு 600 யூரோ. பனின்னா காசு இல்லை, ஆனா சாப்பாடும் தங்க இடமும் தந்தே ஆகணும்.

முந்திரிக்கொத்து:
நான் போங்கன்னுதான் சொல்லுவேன். ஜெர்மனியில கொலோன், நியூரம்பெர்க்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன், அங்க பெரிய சந்தையெல்லாம் 23, 24-லயே மூடிடும். வியன்னாவுல ராட்ஹவுஸ் (நகர மண்டபம்) முன்னாடி இருக்கிற பெரிய சந்தை வழக்கமா 26 வரை இருக்கும். ஷோன்புருன் அரண்மனைச் சந்தை சமீப வருஷங்கள்ல ஜனவரி முதல் வாரம் வரை போகுது. அரண்மனையும் லீவு நாள்ல திறந்திருக்கும். கார்ல்ஸ்பிளாட்ஸ், ஸ்பிட்டல்பெர்க் சந்தைகள் 23-ஓட முடிஞ்சிடும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆனா நம்ம நாகர்கோவில், மார்த்தாண்டம் மாதிரி 24 ராத்திரி தெருவெல்லாம் ஸ்டாரும் கேரல் ரவுண்டுமா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. அவங்களுக்கு அது வீட்டுக்குள்ள கொண்டாடுற ராத்திரி. கடைகள் மத்தியானத்தோட மூடும், 25, 26 ரெண்டும் லீவு, 27 ஞாயிறா விழுந்தா அன்னைக்கும் பூட்டுதான். ஹாப்ட்பான்ஹோஃப், பிராட்டர்ஸ்டெர்ன் ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற மாதிரி சில சூப்பர் மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும், வரிசை நீளமா நிக்கும்.

அதனால பெட்டி வராமப் போச்சுன்னா ஸ்வெட்டர் வாங்கக்கூட வழியில்லை. தெர்மல், ரெண்டு ஜோடி சாக்ஸ், அம்மாவோட மாத்திரை எல்லாம் கைப்பையில இருக்கட்டும். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே பெட்டிக் கவுண்டர்ல புகார் எண் வாங்குங்க. பெட்டி கிடைச்ச 21 நாளுக்குள்ள செலவை எழுதிக் கேக்கணும்.

ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள்ள வர சாதாரண ரயில் போதும். லீவுக்கு முந்தின ராத்திரிங்கிறதால மெட்ரோ விடிய விடிய ஓடும். ஸ்டெஃபான்ஸ்டோம் பேராலயத்து நடுராத்திரிப் பூசைக்கு ஓடிப் பிடிக்கலாம்னு நினைக்காதீங்க. இமிக்ரேஷன்ல இப்ப கைரேகை, போட்டோ எல்லாம் எடுக்குறதால நேரமாகும், கூட்டத்துல உள்ளே இடமும் கிடைக்காது. 25 காலைப் பெரிய பூசைக்குப் போங்க, பாடகர் குழுவும் வாத்தியமும் சேர்ந்தது.

தேன்கூடு:
நன்றிக்கா, நன்றிண்ணே. கொச்சி 22 கேட்டுப் பாக்கிறேன். அம்மா கருவாடும் நெய்யும் எடுக்கலாமான்னு கேக்காங்க.

முந்திரிக்கொத்து:
கருவாடு எடுக்கலாம், மீன் ஆளுக்கு 20 கிலோ வரை விடுவாங்க. ரெண்டு கவர்ல காத்துப் புகாம ஒட்டி செக்-இன் பெட்டியில போடுங்க, இல்லைன்னா எல்லா உடுப்பும் நாறும். நெய், பால்கோவா, இறைச்சி வறுவல் எல்லாம் பிடுங்கிக் குப்பையில போட்டுடுவாங்க. கறிவேப்பிலையும் வேண்டாம். முந்திரிக்கொத்து, மட்டி வாழைப்பழம் தாராளமா கொண்டு போகலாம்.