ஜைரோ போடாமல் ஆடினால் ‘பாட்’ என்பதா?

தேவகோட்டைத் தம்பி: நேற்று ராத்திரி பிஜிஎம்ஐயில் (போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பப்ஜியின் இந்தியப் பதிப்பு) எரங்கல் மேப். கடைசி வட்டத்தில் நான் விடாமல் சுட்ட ஸ்ப்ரே தவறியதும் கோட்டையூர் கில்லி அண்ணன் மைக்கில், ‘ஜைரோ போடாதவன் எல்லாம் பாட்’ என்றார். எங்கள் அணியான ஸ்குவாடே சிரித்தது. நூப், அதாவது கத்துக்குட்டி, என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். போனைச் சாய்த்துக் குறிவைக்கும் இந்த ஜைரோவை வைத்தா ஆளை எடை போடுவது?

கோட்டையூர் கில்லி: சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். எம்416 துப்பாக்கியில் 6எக்ஸ் ஸ்கோப் மாட்டி 3எக்ஸாகக் குறைத்து, சுடும்போது மேலே எகிறும் ரீகாயிலைக் கட்டைவிரலால் மட்டும் இழுத்துக் காட்டு தம்பி. துப்பாக்கி வானத்தைத்தான் பார்க்கும். போனைச் சாய்த்துக் குறியை இறக்கப் பழகச் சோம்பல், ஆனால் ரோஷம் மட்டும் குறைவில்லை.

வளவு வாசி: பாட் என்பது கீழ் ரேங்கில் ஆள் போதாதபோது கேமே இறக்கிவிடும் பொம்மை ஆள். வெட்டவெளியில் நின்று எங்கேயோ சுடும். அதற்கும் ஜைரோவுக்கும் என்ன சம்பந்தம்?

கோட்டையூர் கில்லி: இருக்கிறதே. பாட்டுக்கும் ஜைரோ கிடையாது, தம்பிக்கும் கிடையாது.

பள்ளத்தூர்ப் பங்காளி: அண்ணே, விலை குறைந்த பல போன்களில் ஜைரோ சென்சாரே இருக்காது. செட்டிங்கில் ‘ஆல்வேஸ் ஆன்’ போட்டாலும் ஒன்றும் அசையாது. புதுப் போன் வாங்கிக் கொடுங்கள், போட்டுக்கொள்கிறோம். நீங்களோ ஐபேடில் ஆடுகிறீர்கள். எங்களைவிட மேலும் கீழும் அதிகமாகத் தெரிகிற திரை.

கோட்டையூர் கில்லி: ஐபேட் பேச்சு இங்கே எதற்கு? சிங்கப்பூர் மாமா எனக்கு அனுப்பினால் உனக்கு ஏன் வயிறு எரிகிறது? பேச்சு ஜைரோவைப் பற்றி. போடாதவன் பாட்.

தேவகோட்டைத் தம்பி: கான்கரர் என்றால் சர்வரில் முதல் 500 பேர். அண்ணன் அதில் உண்டா? ஜைரோவும் ஐபேடும் வைத்துக்கொண்டு அதற்குக் கீழே உள்ள கிரவுன் ரேங்கிலேயே குடியிருக்கிறீர்களே!

கோட்டையூர் கில்லி: கிரவுனோ ஏஸோ, 2018இலிருந்து ஒரே கேம். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்ததும் ஃப்ரீ ஃபயர் கேமுக்கு ஓடியது யார்? 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்ததும், ‘அண்ணே, ஸ்குவாடில் இடம் இருக்கா’ என்று வந்து நின்றது யார்?

தேவகோட்டைத் தம்பி: தடைக் காலத்தில் நீங்கள் விரதமா இருந்தீர்கள்? பப்ஜியின் கொரியன் வெர்ஷனை இறக்கி ஆடியது ஊருக்கே தெரியும்.

வளவு வாசி: பேச்சு ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய் கொட்டியது மாதிரி வழுக்கிக்கொண்டே போகிறது. என் கேள்வி ஒன்று. கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பைத் தாண்டினாலே நெட் தாமதத்தைக் காட்டும் பிங் சிவப்பாகிவிடும், சுவர் அவ்வளவு தடிமன். ஜைரோ போட்டுத்தான் ஆடுகிறேன், சுட்டது போய்ச் சேர்வதற்குள் செத்துவிடுகிறேன். நான் யார்?

கோட்டையூர் கில்லி: பிங்கைச் சாக்குச் சொல்லும் பாட். அடுத்தது?

கல்லுக்கட்டி ஸ்னைப்பர்: அடுத்தது நான். பெண் பெயரில் ஐடி இருந்தாலே ஆட்டத்தைப் பார்க்காமல் பாட் என்பீர்களே, போன வாரம் உங்களைக் கார்98 துப்பாக்கியால் சாய்த்து நாக் செய்தது யார் அண்ணே? நானும் ஜைரோ போடுவதில்லை.

கோட்டையூர் கில்லி: ஆச்சி, அது கேம்பிங். ஒளிந்து அடிப்பது கணக்கில் சேராது.

கல்லுக்கட்டி ஸ்னைப்பர்: எரங்கலின் பொச்சிங்கி ஊரில் மாடிப்படியைக் குறிவைத்து மூலையில் உட்கார்ந்திருந்தது நானா, நீங்களா?

கோட்டையூர் கில்லி: அது பொசிஷன்! நாளை ராத்திரி வேர்ஹவுஸ் மேப்புக்கு வாருங்கள், ஒத்தைக்கு ஒத்தை. தம்பியும் வரட்டும்.

தேவகோட்டைத் தம்பி: வருகிறேன். ஜைரோவை ஆஃப் செய்துவிட்டு ஆடுவீர்களா?

கோட்டையூர் கில்லி: நான் ஏன் ஆஃப் செய்ய வேண்டும்? நான் பாட்டா?

பள்ளத்தூர்ப் பங்காளி: தனி ஆட்டம் வைக்க ரூம் கார்டு யார் வாங்குவது? போன தடவை பிரித்துக்கொள்ளலாம் என்றீர்கள். போனது முழுக்க என் யூசி, கேமுக்குள் செலவழிக்கும் காசு.

கோட்டையூர் கில்லி: அந்தக் கணக்கை இங்கே எடுக்காதே பங்காளி.

பள்ளத்தூர்ப் பங்காளி: வேறு எங்கே எடுப்பது? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.