மீள்நிரப்பு நேரமா, நிறமீள் நேரமா?

அன்புள்ள தம்பிக்கும் மற்றவர்களுக்கும்,

தோலை அழுத்தி விட்டபின் மிக நுண்ணிய குருதிக்குழாய்கள் மறுபடி நிரம்ப எடுக்கும் நேரத்தை ஆங்கிலத்தில் ‘capillary refill time’ என்பார்கள். நம் அகராதியில் அதற்கு ‘நிறமீள் நேரம்’ என்று போடலாம் என்றேன். ‘மயிர்த்துளைக்குழாய் மீள்நிரப்பு நேரம்’ சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் திருத்திய விடைத்தாள் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். குழந்தைத் தாதியியல் மாதிரித் தேர்வில், ‘மீள்நிரப்பு நேரம் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை, ‘முடிந்துபோன சேலைன் போத்தலை மாற்ற எடுக்கும் நேரம்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். சுழியம் போட மனம் வரவில்லை, போட்டேன்.

மறுநாள் மருத்துவமனை விடுதியில் அவளையே ஒரு குழந்தையின் கட்டிலருகே நிறுத்தி, “சீ.ஆர்.எஃப்.ரி. பார்” என்றேன். அந்த நேரத்துக்கு ஆங்கிலச் சுருக்கம் அது. குழந்தையின் கையை நெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கினாள். விரல்நகத்தை 5 செக்கன் அழுத்தி விட்டாள். வெளிறிய நகம் பழைய நிறத்துக்கு வரும்வரை உதட்டசைவில் எண்ணிவிட்டு, “இரண்டுக்குள் வந்துவிட்டது, ரீச்சர்” என்றாள். அவள் பார்த்தது நிறத்தை. மயிர்த்துளைக்குழாயை யார் கண்டார்?

ஆகவேதான் ‘நிறமீள் நேரம்’ என்கிறேன். முதலில் ‘செம்மீள் நேரம்’ என்றுதான் குறித்து வைத்திருந்தேன். கறுத்த பிள்ளையின் நெஞ்செலும்பின்மேல் அழுத்திப் பார்த்தால் சிவப்பு எங்கே தெரிகிறது? வெளிறல் மறைவதுதான் தெரிகிறது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

குருதியோட்டம் என்ற கருத்தே சொல்லில் இல்லையே என்று கொழும்பிலிருந்து ஓர் அன்பர் கேட்கிறார். ‘நாடி’ என்ற சொல்லில் இதயம் எங்கே இருக்கிறது? அதை வரைவிலக்கணம் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தால் போதும் என்பவருக்கு: யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான கிரீன் வைத்தியர் 1875இல் வெளியிட்ட இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டார். அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் நம் பிள்ளைகள் படிப்பது இரசாயனவியல்தான்.

மாரி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு வந்துவிடும். எனக்கு அவசரம் அதனால்தான். தேர்வில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: நான்கு வயதுக் குழந்தை, டெங்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, நன்றாகப் பேசுகிறது, பாதம் சில்லென்று இருக்கிறது, நிறம் மீள 4 செக்கன், மேல் கீழ்க் குருதியமுக்கங்களின் இடைவெளி 20 mmHgக்கு வந்துவிட்டது. தாதி முதலில் என்ன செய்வார்? ‘குழந்தை தேறுகிறது, தாய்க்கு ஆறுதல் சொல்வார்’ என்ற விடையைத் தெரிவுசெய்யும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கும் வேளைதான் கண்டம். மேல் அமுக்கம் சரியாக இருக்கும்போதே, உடலுக்குக் குருதியோட்டம் குன்றும் அதிர்ச்சிநிலை தொடங்கியிருக்கும். மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

அகராதிப் பதிவில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: குளிரூட்டிய அறையில் கிடந்த குழந்தைக்கு இந்த நேரம் வீணாக நீளும், உடலைச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நேரம் நீண்டிருப்பதை ‘நீடித்த நிறமீள் நேரம்’ என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ‘நிறமீள் சுணக்கம்’, அதாவது தாமதம், என்றால் எங்கள் ஊரில் ஆச்சிக்கும் விளங்கும். கடல் கடந்த நண்பர்களுக்குச் சுணக்கம் பழக்கமான சொல்தானா?