கேமராவை ஆன் செய்துவிட்டால் ஆன்லைன் படிப்பு உருப்பட்டுவிடுமா?

மொட்டைமாடி | காலை 7:52
போன வாரம் இங்கே வேறொரு இழையில் சாக்பீஸ்தூள் சார் எழுதியது: "பிள்ளைகள் கேமராவை ஆன் செய்து உட்கார்ந்தாலே ஆன்லைன் படிப்பின் பாதி நோய் தீர்ந்துவிடும். அணைத்து வைத்திருப்பவன் வகுப்பில் இல்லை என்றுதான் அர்த்தம்." அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எரிச்சல், அதனால் தனி இழை.

பி.காம். முதலாண்டைப் பாதிக்கு மேல் போனில்தான் படித்தேன், கொரோனா சமயம். இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் எம்.காம். இரண்டாமாண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் வராது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஓர் இடம், அங்கே மட்டும் இரண்டு கோடு காட்டும். 11 மணிக்கு மேல் வெயிலில் போன் சூடாகித் தானாகவே அணைந்துவிடும். தொட்டி நிழல் நகர நகர நானும் நகர்ந்து உட்கார்ந்துதான் காஸ்ட் அக்கவுண்டிங் படித்தேன். அந்த லட்சணத்தில் கேமராவும் வேண்டுமாம்.

மாணவர் பக்கத்திலிருந்து கேட்டால் வேண்டியது வேறு. வகுப்புக்கு முந்தின நாளே நோட்ஸ் வர வேண்டும். பாடத்தைப் பதிவு செய்து, இறக்கி வைத்துக்கொள்ளும்படி தர வேண்டும், ஆடியோ மட்டும் தனியாகவும். அசைன்மென்டைத் திருத்தி, எங்கே தப்பு என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும். ஒன்றரை வருடத்தில் எனக்கு வந்த ஒரே கருத்து "குட்". சந்தேகம் கேட்க 15, 20 பேராகப் பிரித்து வாரம் ஒரு மணி நேரம் வேண்டும். இதில் எதற்குக் கேமரா?

சாக்பீஸ்தூள் | காலை 8:20
தம்பி, என்னைத்தான் இழுத்திருக்கிறீர்கள் என்பதால் வருகிறேன். 19 வருடமாகச் சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். 2020இல் பாதிச் சம்பளம், ரீசார்ஜ் சொந்தக் காசு. ஒரு நாள் இரண்டாவது பீரியட், 61 பேர் உள்ளே. "சரி, முடிந்தது, போகலாம்" என்றேன். 38 பேர் போனார்கள். 23 பெயர் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன், ஒருவரும் இல்லை. ஒரு மைக் மட்டும் திறந்திருந்தது, அதில் குறட்டை. அந்த 23 பேருக்கும் அன்றைக்கு அட்டெண்டன்ஸ் உண்டு. கேமரா இல்லையென்றால் ஆள் இல்லை. இதைத்தான் சொன்னேன், இன்னும் சொல்வேன்.

ஒரு_அப்பா | காலை 8:31
சார் சொல்வது நூற்றுக்கு நூறு. வகுப்புக்கென்று 14,000 ரூபாய்க்குப் போன் வாங்கிக் கொடுத்தேன். ஒரு காதில் பாடம், இரண்டு கையிலும் பப்ஜி. 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்த அன்று என் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. கேமரா வேண்டும்.

மொட்டைமாடி | காலை 8:44
23 பேர் தூங்கினார்கள் என்றால் தாலாட்டுப் பாடியது யார் என்றும் பார்க்க வேண்டும் சார்.

எங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரு பேராசிரியர், 74 ஸ்லைடு உள்ள பிபிடி. "எல்லாரும் கேமரா ஆன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் தன் மைக்கை மியூட்டில் போட்டுக்கொண்டு நடத்தினார். 18 நிமிடம். நாங்கள் கையை ஆட்டினோம், காதைக் காட்டினோம், சாட்டில் எழுதினோம். அவர் திரையில் பிபிடி மட்டும்தான் தெரிந்ததாம். எங்கள் முகத்தை யாருமே பார்க்காத வகுப்புக்குத்தான் அத்தனை கேமரா.

அப்புறம் டேட்டா. ஜூம் போன்ற செயலியில் சுமாரான தெளிவுக்கு நொடிக்கு 600 கிலோபிட் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 270 எம்பி, ஐந்து மணி நேரத்துக்கு 1350 எம்பி. இது என் முகத்தை அனுப்புவதற்கு மட்டும். மற்றவர்கள் முகமும் ஆசிரியர் திரையும் வந்து இறங்குவது தனிக் கணக்கு. தினக் கோட்டாவில் ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்துதான் கழியும்.

சாக்பீஸ்தூள் | காலை 9:02
தம்பிக்கு வாய் நீளம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசே 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவசமாக அறிவித்ததே, அது எங்கே போனது? உங்கள் கணக்குப்படியே 1350 எம்பிதானே, மீதி இருக்கிறதே. அந்த மீதியில் என்ன பார்த்தீர்கள்?

மொட்டைமாடி | காலை 9:06
"அனுப்புவதற்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். கண்ணில் படவில்லையா, படித்தும் விட்டுவிட்டீர்களா? ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்தால் 2 ஜிபி மதியத்துக்கு முன்பே காலி.

இன்னொன்று. நான் தம்பி இல்லை சார். பெண்.

சாக்பீஸ்தூள் | காலை 9:10
பெயர் மொட்டைமாடி என்றிருந்தால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? மன்னிக்கவும் அம்மா. கேமரா ஆன் என்றிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

ஆறாவது_பெஞ்ச் | காலை 9:13
😂 சார் இன்றைக்கு ஃபார்மில் இருக்கிறார்.

பைட்டுக்கணக்கன் | காலை 9:25
600 கிலோபிட் என்றால் நொடிக்கு 75 கிலோபைட், 3600ஆல் பெருக்கினால் 270 எம்பி, சரி. ஆனால் 2 ஜிபி என்பதை அந்த அம்மா 2000 என்று எடுத்தாரா, 2048 என்று எடுத்தாரா? வகுப்பில் 60 பேர் இருந்தால் ஒவ்வொரு முகமும் சின்னக் கட்டமாகத்தான் போகும், அதற்கு 600 வேண்டாம். எனவே இந்தக் கணக்கு செல்லாது.

மொட்டைமாடி | காலை 9:31
48 எம்பியில் என்னைக் கரை சேர்த்துவிடுவீர்கள் போலிருக்கிறது. சின்னக் கட்டம்தான் என்றால் அதில் நான் தூங்குகிறேனா, முழித்திருக்கிறேனா என்று எப்படித் தெரியும்? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். முகம் தெரிய வேண்டுமென்றால் டேட்டா போகும். டேட்டா போகக்கூடாது என்றால் முகம் தெரியாது.

எலைட்சில்வர் | காலை 9:48
ஏன் இவ்வளவு கூச்சல்? ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல் 2003இல் தொடங்கியது. 2014இலிருந்து சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறார்கள். யாருடைய கேமராவும் ஆன் இல்லை. பதிவு செய்த வீடியோ, வாரா வாரம் அசைன்மென்ட், கடைசியில் 1000 ரூபாய் கட்டி மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு. அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டமும் கிட்டத்தட்ட இதே வழிதான். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021இல் விதியே கொண்டு வந்துவிட்டது. நானே நான்கு பாடம் முடித்து இரண்டில் எலைட் பிளஸ் சில்வர் தரச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன்.

2014இல் எட்எக்ஸ் என்ற அமெரிக்க ஆன்லைன் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் உருப்படியாகப் பார்ப்பது சுமார் 6 நிமிடம்தான். பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுங்கள், கேமரா பேச்சே வராது.

சாக்பீஸ்தூள் | காலை 10:05
6 நிமிடமா? எனக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கவே 9 நிமிடம் ஆகும்.

என்பிடெல் அசைன்மென்டுக்கான விடை ஞாயிற்றுக்கிழமையே டெலிகிராமில் சுற்றுகிறது, யூடியூபில் தனிச் சேனலே இருக்கிறது. சில்வரில் எத்தனை கிராம் சொந்த வெள்ளி என்று தம்பி சொன்னால் நன்றாக இருக்கும்.

எலைட்சில்வர் | காலை 10:09
விடை பார்த்து எழுதினால் 25 வரும். மீதி 75ஐ மையத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். உங்கள் இன்டர்னல் மார்க் எப்படிப் போடப்படுகிறது என்று நான் ஆரம்பித்தால் ஊர் சிரிக்கும். மார்ச் மாதம் பீஸ் கட்டியவனுக்கு 18, கட்டாதவனுக்கு 11.

சாக்பீஸ்தூள் | காலை 10:12
எந்தக் கல்லூரி என்று சொல்லும் தைரியம் உண்டா?

எலைட்சில்வர் | காலை 10:13
உங்கள் கல்லூரி எது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

மொட்டைமாடி | காலை 10:20
சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த 9 நிமிடம்தான் வேண்டும். ஐந்து பீரியட், 45 நிமிடம். ஒரு பீரியடையே பெயர் கூப்பிடுவதற்குத் தின்றுவிட்டு, பாடம் போகவில்லை, கேமரா ஆன் பண்ணு என்கிறீர்கள். அந்த 9 நிமிடத்தில் ஐந்து கேள்வி உள்ள சின்ன வினாடிவினா வைத்தால் யார் இருந்தார், யார் இல்லை என்று தானாகத் தெரிந்துவிடாதா?

காலையில் நான் எழுதியதில் ஒன்றுக்காவது பதில் உண்டா என்று பாருங்கள். நோட்ஸ், பதிவு, திருத்தம், சின்னக் குழு. நான்கையும் தாண்டிப் போய்க் கேமராவில் தொங்குகிறீர்கள்.

ஆறாவது_பெஞ்ச் | காலை 10:41
கேமரா இருந்தால் நேர்மை வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக. 2021இல் எங்கள் செமஸ்டர் தேர்வையே கேமரா பார்க்க எழுதினோம். தலையைத் திருப்பினால் எச்சரிக்கை. கரண்ட் போனதும் ஃபேன் நின்றுவிட்டதே என்று மேலே பார்த்தேன், அதற்கும் ஒரு எச்சரிக்கை. என் ரூம்மேட்டோ லேப்டாப்புக்குப் பின்னால் சுவரில் சார்ட் ஒட்டி, நேராகப் பார்த்தபடியே எழுதினான். அவனுக்கு ஓ கிரேடு. எனக்கு ரிசல்ட் நிறுத்தி வைப்பு.

சாக்பீஸ்தூள் | காலை 10:50
2020 ஆகஸ்டில் பீஸ் கட்டியிருந்தாலே அரியர் பாஸ் என்று அறிவிப்பு வந்ததும் பேனர் கட்டிய கூட்டம்தானே நீங்கள்? உங்களிடம் நேர்மை கற்கும் காலம் வந்துவிட்டது.

ஆறாவது_பெஞ்ச் | காலை 10:53
பேனரில் என் படம் இல்லை. அரியர் இருந்தது, ஒளிக்கவில்லை. அதே பாடத்தை நடத்தியவர் யார் என்று கேட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம்.

மொட்டைமாடி | முற்பகல் 11:15
பெண் பிள்ளைகள் ஏன் அணைத்து வைக்கிறோம் என்று ஒரு ஆளாவது கேட்டீர்களா?

மழை வந்தால் மாடி கிடையாது, வாசல் படிதான். ஒரு நாள் அங்கே உட்கார்ந்து கேமரா ஆன் செய்தேன். பின்னால் கொடியில் அப்பாவின் லுங்கி, அம்மாவின் உள்பாவாடை. நான் கொட்டாவி விட்ட நொடியை எவனோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். மூன்று வருடம் அந்த ஸ்டிக்கர் வகுப்பு குரூப்பில் ஓடியது. ஃபேர்வெல் அன்றைக்கும் வந்தது. ஆசிரியரிடம் சொன்னேன். "அவன் விளையாட்டுக்குச் செய்திருப்பான், நீ கேமராவுக்கு ஏற்ற மாதிரி உட்காரக்கூடாதா" என்றார்.

இது என் ஒருத்தி கதை இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 276 மாணவர்களிடம் ஏன் கேமரா ஆன் செய்யவில்லை என்று கேட்ட ஆய்வு 2021இல் வந்தது. 41 சதவீதம் பேர் தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம் என்றார்கள். பின்னால் வீட்டு ஆட்கள் தெரிவார்கள், இணையம் சரியில்லை என்பவையும் பட்டியலில் உண்டு.

சாக்பீஸ்தூள் | முற்பகல் 11:24
ஸ்டிக்கர் விஷயம் தப்புதான், அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் ஆதாரத்தை நீங்களே படித்தீர்களா? முதல் காரணம் டேட்டா இல்லை, தோற்றம். காலையிலிருந்து 270 எம்பி, 1350 எம்பி என்று எங்களை அலைக்கழித்தது எதற்கு?

மொட்டைமாடி | முற்பகல் 11:27
அது அமெரிக்கா சார். அங்கே தினக் கோட்டா போட்டுப் படிக்கிறார்களா?

சாக்பீஸ்தூள் | முற்பகல் 11:29
உங்களுக்கு வேண்டும்போது கார்னெல், வேண்டாதபோது அமெரிக்கா. எட்எக்ஸும் அமெரிக்காதான், அதற்கு மட்டும் தலையாட்டினீர்கள்.

மொட்டைமாடி | முற்பகல் 11:33
தலையாட்டியதை எப்படிப் பார்த்தீர்கள், என் கேமராதான் அணைந்திருக்கிறதே.

பைட்டுக்கணக்கன் | முற்பகல் 11:40
அந்த ஆய்வில் தேர்வு செய்த 41 சதவீதம் என்பது ஒருவர் பல காரணங்களைச் சொல்லலாம் என்ற முறையிலா, ஒன்று மட்டுமா? அதைச் சொல்லாமல் முதல் காரணம், இரண்டாம் காரணம் என்று பேசுவது முறையல்ல. என் 2048 கேள்விக்கும் பதில் வரவில்லை.

ஒரு_அப்பா | மதியம் 12:06
பெண் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் விலக்கு கொடுக்கலாம். பையன்களுக்குக் கட்டாயம் கேமரா வேண்டும். என் மகன் இப்போது வேலைக்கும் போகாமல்...

மொட்டைமாடி | மதியம் 12:10
உங்கள் மகன் கேமரா ஆன் செய்திருந்தால் பப்ஜி ஆடும் முகம் சாருக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். பாடம் தெரிந்திருக்காது.

ஒரு_அப்பா | மதியம் 12:12
என் மகனைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

ஆறாவது_பெஞ்ச் | மதியம் 12:13
பேச்சை எடுத்ததே நீங்கள்தானே ஐயா.

சாக்பீஸ்தூள் | மதியம் 12:30
எனக்கு 1:15க்கு வகுப்பு இருக்கிறது, நேரில். ஒன்று மட்டும். பதிவு செய்து கொடு, ஆடியோ தனியாகக் கொடு, ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுது என்கிறீர்கள். ஒரு செமஸ்டரில் எனக்கு மூன்று வகுப்பு, 180 அசைன்மென்ட். இது போக அட்மிஷனுக்கு ஊர் ஊராக ஆள் பிடிக்கும் வேலை. பதிவு செய்து கொடுத்தால் அடுத்த வருடம் "வீடியோதான் இருக்கிறதே" என்று என்னையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு யார் பதில் சொல்வது? அதனால் கேமரா ஆன். காசு செலவில்லாமல் என்னால் கேட்க முடிந்தது அது ஒன்றுதான்.

மொட்டைமாடி | மதியம் 12:41
இதைக் காலையிலேயே எழுதியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் காசு செலவில்லாமல் என்று யார் சொன்னது? செலவு என் ரீசார்ஜில். 270 எம்பி.

பைட்டுக்கணக்கன் | மதியம் 12:44
சின்னக் கட்டமாக இருந்தால் 270 இல்லை.

சாக்பீஸ்தூள் | மாலை 4:50
வகுப்பு முடித்து வந்தேன். நேரில் வந்தும் கடைசி பெஞ்சில் நான்கு பேர் தூக்கம். இருந்தாலும் கண்ணால் பார்த்தேன், எழுப்பினேன். கேமரா விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை.

மொட்டைமாடி | மாலை 5:20
எழுப்பிய பிறகு அந்த நான்கு பேருக்கும் பாடம் புரிந்ததா என்று கேட்டீர்களா?