பாமினியில் புள்ளி விழுவதில்லை: எந்தக் கீபோர்ட் வாங்கலாம்?

உவர்மலைத் தங்கை:
வணக்கம். திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட இருக்கிற ஒரு சின்னக் கடையில் தட்டச்சு வேலை செய்கிறேன். சத்தியக்கடதாசி, காணி உறுதி, மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குக் கொடுக்கிற கடிதம் என்று நாள் முழுக்க பாமினி எழுத்துருவில்தான் அடிப்பது. மூன்று கிழமையாகப் புள்ளி ஒழுங்காக விழுவதில்லை. கந்தளாய் என்று அடித்தால் "கநதளாய" என்று நிற்கிறது. நேற்று ஒரு ஐயா உறுதியின் வரைவைப் பார்த்துவிட்டு, "என்ர ஊர் இப்படி இல்லையே பிள்ளை" என்றார். எனக்கு முகமே சுருங்கிப் போனது. ஓங்கி அடித்தால் சில நேரம் இரண்டு புள்ளி விழுகிறது.

இரண்டு வருசத்தில் இது மூன்றாவது கீபோர்ட். கடையில் சாதாரணம், மெக்கானிக்கல், தமிழ் எழுத்து அச்சடித்தது, வயர் இல்லாதது என்று நாலைந்து காட்டுகிறார்கள். எதை வாங்க? அடிக்கடி மாற்ற என்னால் ஏலாது.

உப்புவெளி திருத்துநர்:
தங்கச்சி, காசு கொடுக்க முதல் ஒரு சோதனை. நோட்பேடைத் திறந்து, எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றி, பாமினியில் புள்ளி போடுகிற அரைப்புள்ளி (;) விசையை மெதுவாகப் பத்துத் தடவை தட்டுங்கள். பாமினி பழைய எழுத்துரு, ஆங்கில விசைகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியது மட்டும்தான். நீங்கள் "தமிழ்" என்று அடிக்கும்போது உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ (jkpo), கடைசியில் அரைப்புள்ளி. ஆங்கிலத்திலும் அது விழாவிட்டால் பழுது விசையில்தான்.

எல்லா விசையும் மந்தமாக இருந்தால் கதை வேறு. வலப்பக்க ஷிஃப்ட்டை 8 வினாடி பிடித்துக்கொண்டிருந்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் வந்து, வேகமாகத் தட்டுவதைக் கணக்கில் எடுக்காது. அதையும் ஒருக்கால் பாருங்கள்.

உவர்மலைத் தங்கை:
பார்த்தேன் அண்ணா. பத்துக்கு ஆறுதான் விழுந்தது. மற்ற எழுத்தெல்லாம் சரி. ஃபில்டர் கீஸ் நிறுத்தித்தான் இருக்கிறது.

உப்புவெளி திருத்துநர்:
அப்போ விசைதான். சாதாரணக் கீபோர்ட்டுக்குள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும், அவற்றில் வெள்ளி மையால் கோடு போட்டிருப்பார்கள். மேலே ரப்பர் குமிழ். குமிழ் அமுங்க, மேல்தாளும் கீழ்தாளும் ஒட்டும், எழுத்து விழும். கடலோர நிலாவெளிப் பக்கத்திலிருந்து திருத்த வருகிற கீபோர்ட்டைத் திறந்தால் அந்தக் கோடுகள் ஓரத்திலிருந்து கறுத்து வந்திருக்கும். காற்றில் வருகிற உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, வாடைக்காற்றுக் காலத்தில் இன்னும் மோசம். கோடு அறுந்தால் துடைத்தும் பயனில்லை.

ஏன் எப்போதும் புள்ளியே போகிறது என்று யோசித்தீர்களா? திருக்கோணேச்சரம் என்ற ஒரு சொல்லுக்கே மூன்று புள்ளி. ஆங்கிலத்தில் அடிக்கிறவர் அந்த விசையை ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை தொட்டாலே பெரிது. நீங்கள் சொல்லுக்குச் சொல் தட்டுகிறீர்கள்.

பழைய தட்டச்சு ஆசிரியை:
அதுவும் வலது சுண்டுவிரலால், மகள். இருக்கிற விரல்களில் பலம் குறைந்தது அது. முப்பது வருசம் பிள்ளைகளுக்குப் பழக்கினேன். ஓங்கி அடிக்கப் பழகினால் விசையோடு மணிக்கட்டும் போகும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச். அதில் ரெட் என்கிற வகை ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்திலேயே, அதுவும் அடிவரை போகாமல் பாதி வழியில் எழுத்தை விழுத்தும். புளூ என்கிற வகையை வாங்காதீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கிளிக் என்று சத்தம் போடும், பக்கத்தில் ஆள் இருந்து கதைக்கிற கடைக்கு அது சரிவராது.

தமிழ் எழுத்து அச்சடித்ததை வாங்குவதானால் முதலில் க எங்கே என்று பாருங்கள். பாமினியில் க இடது சுட்டுவிரலில், எஃப் விசையில். மற்ற விசை அமைப்புகளான தமிழ்99இல் எச், இன்ஸ்கிரிப்டில் கே. வேறு அமைப்பை அச்சடித்த விசையை நாள் முழுக்கப் பார்த்தால் கை தடுமாறும். உங்கள் விரலுக்கு இடம் தெரியும், அச்சு தேவையே இல்லை.

மூதூர்த் தம்பி:
அக்கா, மெக்கானிக்கல் விலை கூட. மலிவானதை இரண்டாக வாங்கி ஒன்றைப் பெட்டியில் வைத்தால் என்ன?

உப்புவெளி திருத்துநர்:
எப்போதாவது அடிக்கிறவருக்கு அது போதும் தம்பி. இவருக்கு இரண்டு வருசத்தில் மூன்றாவதும் பழுதாகிவிட்டது. நான் சொல்வது வயர் உள்ள, சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய மெக்கானிக்கல், கடையில் ஹாட் ஸ்வாப் என்று கேளுங்கள். புள்ளி செத்தால் அந்த ஒரு சுவிட்சை இடுக்கியால் இழுத்துவிட்டு, பாவிக்காத ஸ்க்ரோல் லொக் சுவிட்சை அங்கே குத்தலாம். சாலிடரிங் வேண்டாம். உப்பு இதையும் விடாது, ஆனால் ஒரு விசைக்காக முழுக் கீபோர்ட்டையும் எறியத் தேவையில்லை. குத்தும்போது இரண்டு ஊசியும் வளையாமல் நேரே பாருங்கள், அவசரப்பட்டால் அங்கேதான் கெடும். இரவில் கடை பூட்ட முதல் காய்ந்த துணியால் மூடி வையுங்கள், ஈரத்துணி படவே கூடாது.

உவர்மலைத் தங்கை:
ரெட், வயர் உள்ளது, கழற்றுகிற வகை. பழக்கப்பட்ட கடையில் பாதிக் காசு கொடுத்து எடுத்தேன், மிச்சம் அடுத்த மாதம். முதல் நாள் கை பழகவில்லை, விசையில் விரல் வைத்தாலே எழுத்து விழுந்தது. இன்று காலை கந்தளாய் ஐயாவின் உறுதியைத் திரும்ப அடித்தேன். ஒரு புள்ளியும் தவறவில்லை. உபரி சுவிட்ச் இரண்டு கேட்டு வாங்கி லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். அண்ணாவுக்கும் ரீச்சருக்கும் மெத்த நன்றி.