கிளென் கூல்ட் ஆவணத் தொகுப்பு: பயன்படுத்தியவர்களின் வழிகாட்டுதல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கனடாவின் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் (1932–1982) குறித்து நீண்ட கட்டுரை ஒன்றை எழுதி வருகிறேன். 1964இல், தமது 31ஆம் வயதிலேயே மேடைக் கச்சேரிகளைக் கைவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தையே தம் அரங்காக்கிக்கொண்டவர் என்பதால், அவரை அறிய விமர்சனங்களைவிட அவருடைய கடிதங்களும் குறிப்பேடுகளும் ஒலிநாடாக்களுமே உதவும் என்று கருதுகிறேன். இவை ஒட்டாவாவில், கனடா நூலக ஆவணக் காப்பகத்தின் தொகுப்பில் உள்ளன.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய, ஒரே மெட்டைப் பலவாறு மாற்றி விரிக்கும் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் என்ற இசைப்படைப்பை அவர் 1955இலும் 1981இலும் பதிவுசெய்தார். முதல் பதிவின் விரைவு இரண்டாவதில் தணிந்து, நிதானமும் பகுதிகளுக்கிடையே உள்ளிணைப்பும் கூடியதற்கான காரணங்களை அவர் கைப்படக் குறித்துள்ளாரா என்பதே என் முதன்மைத் தேடல். அத்தொகுப்பைப் பயன்படுத்தியவர்கள், அட்டவணையில் இத்தகைய குறிப்புகளை எந்தத் தலைப்பின் கீழ்த் தேடுவது, நேரில் செல்லாமல் நகல் பெற முடியுமா, மேற்கோளாக வெளியிட யாரிடம் அனுமதி கோர வேண்டும் என்பவற்றைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். அவருடைய கையெழுத்தைப் படித்துப் பழகியவர்கள் எவரேனும் இருந்தால், தயவுசெய்து தனிச்செய்தி அனுப்புங்கள்.