ஒரே கோழி தொடர்ந்து தோல்முட்டை இடுகிறது, காரணம் என்ன?

கேள்வி:
ஆறு கோழிகள், வயது ஒன்றரை ஆண்டு. அதில் ஒன்று மூன்று வாரமாகத் தோல்முட்டைதான் இடுகிறது. சவ்வு மட்டும் இருக்கிறது, ஒரு நுனி மட்டும் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கிறது. லேயர் தீவனமும் (முட்டையிடும் கோழிக்கானது) தானியமும் பாதிக்குப் பாதி கலந்து போடுகிறேன். நேற்றிலிருந்து அது வாலைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்று முக்குகிறது. கால்சியம் கொடுத்தால் போதுமா?

பதில் 1:
முதலில் முக்கலைக் கவனியுங்கள், தீவனம் பிறகு. முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். ஓடில்லாத முட்டையை முட்டைக்குழாயின் தசை பிடித்துத் தள்ளுவது கடினம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசையும் சோர்ந்துவிடும். கை பொறுக்கும் வெந்நீரில் வயிறு மூழ்க 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். ஈரம் போகத் துடைத்து, இருட்டான கதகதப்பான கூண்டில் தனியே விடுங்கள். வயிற்றைப் பிதுக்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்து. நேற்றே தொடங்கிவிட்டதால் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
தீவனக் கணக்கு இடிக்கிறது. ஒரு ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். கோழி நாளுக்குத் தோராயமாக 110 கிராம் தின்னும். லேயர் தீவனத்தில் கால்சியம் 4% என்றால் 4.4 கிராம் போகும், அதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். சரியாக ஒரு முட்டைக்குக் காணும். தானியத்தில் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். பாதி தானியம் என்றால் பாதி ஓட்டுக்குத்தான் சரக்கு, மீதிக்கு எலும்பு கரையும். தானியத்தைப் பத்தில் ஒரு பங்குக்குக் குறையுங்கள்.

இன்னொன்று, ஓடு கட்ட 20 மணி நேரம் பிடிக்கும், பெரும்பகுதி இரவில். மாவுச் சுண்ணாம்பு அதற்குள் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் கிளிஞ்சல் நொறுக்கு இரைப்பையில் தங்கி விடியும்வரை கரையும். மாலையில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். தீவனத்தில் கலக்காதீர்கள். சேவலும் குஞ்சும் தின்றால் சிறுநீரகம் கெடும். வெயிலே படாத கூண்டென்றால் வைட்டமின் டி3-யும் பாருங்கள், அது இல்லாமல் கால்சியம் உடம்பில் ஏறாது.

பதில் 3:
மற்ற ஐந்தும் அதே தீவனத்தில் நல்ல ஓடு போடுகின்றன என்பதை விட்டுவிடாதீர்கள். தீவனமோ வெயிலோ மட்டும் காரணமென்றால் பல கோழிகளில் தெரியும். கடும் வெயிலில் மூச்சிரைக்கும்போது கரியமில வாயு வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைவதால் கூட்டமாகவே ஓடு மெலியும். கூட்டத்தில் சளியோடு சுருக்கம் விழுந்த ஓடு, தண்ணீரான வெள்ளைக்கரு வந்தால் மூச்சுக்குழல் அழற்சி நோயைச் சந்தேகிக்கலாம்.

ஒன்றில் மட்டும் என்றால் அதன் ஓட்டுச் சுரப்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர்ப்பை போல ததும்பினால் மஞ்சள்கரு வயிற்றுக்குள் கொட்டி அழற்சி பிடித்திருக்கலாம். பாலாடைக்கட்டி போல அடுக்கடுக்கான கட்டி வெளியே வந்தால் முட்டைக்குழாயில் தொற்று. இரண்டுக்கும் கால்சியம் உதவாது. மருத்துவரிடம் இந்த இரண்டையும் சொல்லிக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வயிறு ததும்பவில்லை, ஆசனவாய்க்கு மேலே உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. வெந்நீரில் வைத்தாயிற்று, இப்போதே மருத்துவரிடம் கொண்டுபோகிறேன்.